எண்ணெய் படாத நாலாவது ஆள்

கல்லில் நாலு பேர் நின்றார்கள். மூன்று பேர் எண்ணெய் குடித்துக் கறுத்திருந்தார்கள். நாலாவது ஆள் மட்டும் வெயில் பட்ட பாறையைப் போல் வெளிறிச் சாம்பல் நிறத்தில் இருந்தான்.

நாமக்கல்லில் பஸ்ஸை விட்டு இறங்கி, மச்சான் ஓட்டி வந்த மாட்டு வண்டியில் அக்காவின் ஊருக்குப் போகிற வழியில் பார்த்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் ஒரு பொங்கல். அக்காவுக்குப் பொங்கல் சீர் கொண்டுபோவது அப்பாவின் வேலை. அந்த வருஷம் அவருக்கு முழங்கால் வீங்கியிருந்ததால் என்னை அனுப்பினார். பொங்கலுக்கு முந்தின நாள் அது. வழியெங்கும் கூரை விளிம்பில் வேப்பிலையும் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் சேர்த்துச் செருகிக் காப்புக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஊர் எல்லையில் வண்டித்தடம் ஏரிக்கரை மேல் ஏறும் இடத்தில் அந்தக் கல் இருந்தது. என் மார்பு உயரம். நாலு உருவத்துக்கும் தலைப்பாகை, முழங்கால் வரை சுற்றிய துணிப்பட்டை, கையில் துப்பாக்கி. ஒவ்வொருவருக்கும் நடுவே ஒரு வரம்பு விட்டுச் செதுக்கியிருந்தார்கள். மூன்றாம் ஆள் மேல் ஊற்றிய எண்ணெய் அந்த வரம்போடு நின்றுவிட்டது. வரம்புக்கு அந்தப் பக்கம் ஒரு சொட்டுக்கூட இல்லை.

எழுத்து எதுவும் இல்லை. நடுகல்லில் பெயர் வெட்டும் வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. வாள் பிடித்தவன், வில் பிடித்தவன், புலியைக் குத்துகிறவன் என்று பல கற்கள் பார்த்திருக்கிறேன். துப்பாக்கி பிடித்த கல்லை அன்றுதான் பார்த்தேன்.

"அது என்ன கல்லு மச்சான்?"

"பட்டாளத்துக் கல்லு. செர்மன் சண்டையப்போ கடல் தாண்டி பசராவுல செத்தவங்களுக்கு வெச்சது. மாட்டுப் பொங்கலன்னைக்கு இதுக்குப் பூசை பண்ணிட்டுத்தான் மாட்டையே உள்ள ஓட்டுவோம்."

"அந்த ஆளுக்கு மட்டும் ஏன் எண்ணெய் இல்லை?"

"எண்ணெய் பத்தலை."

"வருஷா வருஷமா பத்தலை?"

மச்சான் மாட்டின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். "மாப்ளே, நீ சீர் கொண்டாந்திருக்கிறயா, சேதி எடுக்க வந்திருக்கிறயா? சொல்லிப்போடு. அதுக்குத் தகுந்த மாதிரி சோறு போடச் சொல்றேன்."

நான் அப்போது சேலத்தில் ஒரு வாரப் பத்திரிகையில் இருந்தேன். கோர்ட்டு, முனிசிபாலிட்டி, சந்தை விலை ஆகியவை என் பொறுப்பு. செத்த சிப்பாய்களைப் பற்றியும் வருஷத்துக்கு ஒருமுறை எழுதியிருக்கிறேன். நவம்பரில் ஒரு நாள் காலையில் துரைமார்கள் ஒன்றுகூடி இரண்டு நிமிஷம் பேசாமல் நிற்பார்கள். காகிதத்தில் செய்த சிவப்புப் பூக்களை விற்பார்கள். வரும் காசு ஊனப்பட்ட சிப்பாய்களுக்குப் போகும் என்று சொல்வார்கள். கொம்பு ஊதுவார்கள், கலைவார்கள். அந்தச் செய்தியின் எழுத்துகளை எங்கள் அச்சுக்கோப்பவர் பிரித்துப் போடுவதேயில்லை. நூலால் கட்டி மூலையில் வைத்திருப்பார். அடுத்த நவம்பரில் வருஷத்தை மட்டும் மாற்றினால் போதும். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அந்தச் செய்தியில் மாற்றுவதற்கு வேறொன்றும் இருந்ததில்லை.

இந்தக் கல் அப்படி இல்லை. ஒரே கல்லில் மூன்று பேருக்கு ஒரு நியாயம், ஒருவனுக்கு வேறு நியாயம். நாலாவது ஆள் ஏதோ தப்பு செய்திருக்க வேண்டும் என்று முதலில் நினைத்தேன். பட்டாளத்தை விட்டு ஓடியவனாக இருக்கலாம். ஆனால் ஓடியவனுக்கு எவன் கல் வைப்பான்? சாதி வேறாக இருக்கலாம். அப்படியானால் ஒரே கல்லில் வெட்டியிருக்கவே மாட்டார்கள்.

சாயங்காலம் அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"அந்தப் பேச்சை இன்னைக்கு எடுக்காதே. நல்ல நாளும் அதுவுமா."

"செத்தவங்களைப் பத்திப் பேசக் கூடாதா?"

"செத்தவங்களைப் பேசினா என்ன. அந்தாளுதான் சாவலையே." சொல்லிவிட்டு முறத்தைத் தட்டிக்கொண்டே உள்ளே போய்விட்டாள். மேற்கொண்டு எதுவும் பெயரவில்லை.

மறுநாள் பொங்கல் வைத்துச் சாப்பிட்டு முடித்த நேரம். வாசலில் இருமல் கேட்டது. "ஏனுங்க, ஊட்ல இருக்கீங்களா?"

ஐம்பது வயது மதிக்கத்தக்க உயரமான ஆள். தோள் எலும்பு சட்டைக்கு மேல் தெரிந்தது. ஊர்க்காரர்கள் அவரைப் பட்டாளத்துக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள் என்று பிறகு தெரிந்தது. நானும் அப்படியே எழுதுகிறேன். நடக்கும்போது கால்கள் தரையில் முழுதாகப் பதியவில்லை. பாதத்தின் வெளிப்பக்கத்தை ஊன்றி நடந்தார்.

"வண்டி ஒரு நடை வேணுமுங்க," என்றார் மச்சானிடம். "நாளைக்கு மாடு பூட்டக் கூடாது. இன்னைக்குப் பொழுது இருக்கறப்பவே நாமக்கல் போயிட்டு வந்தர்றனுங்க. ராசிபுரத்து அம்மிணி பஸ்ஸுல வருது."

மச்சான் கேட்டார்: "ஊர்க்கவுண்டர்கிட்டச் சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டனுங்க."

"என்ன சொன்னாரு?"

"பாக்கலாம்னாரு."

"அவரு பாக்கலாம்னா, பாக்கமாட்டாருன்னு அர்த்தமுங்க."

"தெரியுமுங்க. அதான் ஆளையே கூட்டியாந்து முன்னால நிறுத்தலாம்னு."

மச்சான் சிரித்துவிட்டார். மாடுகளை அவிழ்த்துக்கொண்டே என்னைக் காட்டினார். "எங்க மச்சினனையும் கூட்டிட்டுப் போங்க. ஊர் நாயம் கேக்கலீனா அவனுக்குச் சோறு எறங்காது."

வண்டியை அவர்தான் ஓட்டினார். ஏரிக்கரை வந்தபோது கல்லின் பக்கம் திரும்பாமலே கேட்டார்: "நாலு பேருல யாரு பாக்க நல்லா இருக்கான், சொல்லுங்க சாமி."

"எல்லாம் ஒரே மூஞ்சியா இருக்குதுங்க."

"மூஞ்சியப் பாக்காதீங்க. கையப் பாருங்க."

பார்த்தேன். மூன்று பேர் துப்பாக்கியை வலது கையில் பிடித்திருந்தார்கள். சாம்பல் நிற ஆள் இடது கையில் பிடித்திருந்தான். முந்தின நாள் எனக்கு இது தட்டுப்படவில்லை. பிறகு வண்டிக்குள் பார்த்தேன். அவருடைய தார்க்குச்சி இடது கையில் இருந்தது.

"நீங்களா?"

"வேற எவன்? ஊர்ல பீச்சாங்கை நான் ஒருத்தன்தான். கல்தச்சன் என்னைப் பாத்ததில்லை. எங்கம்மா போய்ச் சொல்லியிருக்குது, எம்மவன் எல்லாத்தையும் எடது கையிலதான் செய்வான்னு. அவனும் நம்பி வெட்டிப்போட்டான்."

அந்த ஊரிலிருந்து நாலு பேர் பட்டாளத்துக்குப் போனார்கள். பாலம் கட்டுகிற, ரோடு போடுகிற படை. மூன்று பேர் செத்த சேதி ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. இவரைப் பற்றிச் சேதியே வரவில்லை. சேதி வராததையே ஊர் சேதியாக எடுத்துக்கொண்டது. சண்டை முடிந்து, அதற்குப் பிறகும் ஒரு மழைக்காலம் போனபின் கல் வைத்தார்கள். உளியால் உருவங்களுக்குக் கண் திறந்தார்கள். மாட்டுப் பொங்கலன்று எண்ணெய் ஊற்றி, வீட்டுக்கு ஒரு வள்ளம் புதுத் தானியம் கொண்டுவந்து கல்லுக்கு முன்னால் கொட்டி, அந்த அம்பாரத்தை நாலாகப் பிரித்துச் செத்தவர்களின் வீடுகளுக்குக் கொடுத்தார்கள். சர்க்காரிடமிருந்து எது வரும், எது வராது என்று யாரும் காத்திருக்கவில்லை. இப்படி இரண்டு பொங்கல் போயிற்று. மூன்றாம் பொங்கலுக்கு முன் இவர் நடந்து வந்து சேர்ந்தார்.

"துருக்கிக்காரன் கையில மாட்டிக்கிட்டமுங்க," என்றார். "ஒரு ஊருக்குள்ள வெச்சுச் சுத்தி அடைச்சுப்போட்டான். தீனி இல்லை. குதிரைய அறுத்தாங்க. நான் தின்னலை, தின்னலைன்னு இங்க வந்து ஊருக்குள்ள ரொம்ப நாள் சொல்லிட்டுத் திரிஞ்சேன்." கொஞ்ச தூரம் போனபின், "தின்னேன்," என்றார்.

"திரும்பி வந்தப்போ ஊர்ல என்ன சொன்னாங்க?"

"எங்கம்மா அழுதுது. மத்தவங்களுக்கு என்ன பண்றதுன்னு தெரியலை. கல்தச்சனைக் கூட்டியாந்து, என்னை மட்டும் கல்லுல இருந்து எடுத்துருன்னாங்க. கண்ணு தொறக்கத்தான் என்கிட்ட உளி இருக்குது, மூடறதுக்கு இல்லைன்னுட்டான். கல்லையே புடுங்கலாம்னா மத்த மூணு பேரு இருக்கறாங்க. அதனால எனக்கு எண்ணெய மட்டும் நிறுத்திட்டாங்க, தானியமும் மூணு பங்காச்சு. உசுரோட இருக்கறவனுக்கு எண்ணெய் ஊத்தினா அவனுக்கு ஆகாது. பூசை நேரத்துல அவன் கல்லுக்கு முன்னால நிக்கவும் கூடாது. நான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேலா மரத்தடியில நின்னுக்குவேன்."

"இத்தனை வருஷமாவா?"

"கல்லுல நிக்கற மாப்பிள்ளைக்குப் பொண்ணும் எவனும் குடுக்கலை. ஊர்ல கொறை சொல்ல முடியாதுங்க. கால் இப்படி ஆனதுல இருந்து எங்காட்ட முறை வெச்சு உழுது குடுக்கறாங்க. ஒரு வருஷம்கூடத் தவறினதில்லை. உங்க மச்சானும் உழுதிருக்கறாரு."

காலைப் பற்றி நான் கேட்பதற்கு முன் அவரே சொன்னார். பிடிபட்டவர்களை மணலில் நடத்திக் கூட்டிப்போனார்கள். பூட்ஸ் முதலிலேயே போய்விட்டது. நடக்க முடியாமல் உட்கார்ந்தவனை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள். இவரும் உட்காரப் போனார். கூட வந்தவன் தன் தலைப்பாகையை அவிழ்த்தான். ராசிபுரத்துத் தறிக்காரன் அவன்.

"சும்மா கிழிக்கலைங்க. வெளிச்சத்துக்கு நேரா நீட்டிப் புடிச்சு, நூல் ஓடற பக்கம் பாத்துக் கிழிச்சான். ஓரம் பிரியலை. நாங்க தங்கற எடம் போய்ச் சேர்ற வரைக்கும் பிரியலை. என் ரெண்டு காலுக்கும் சுத்திவிட்டான். அவன் தலைக்கு ஒண்ணும் இல்லை. வெயில் ஏறிப்போச்சு. அடுத்தடுத்த நாள்ல வாயில நொரை வந்துது. மண்ணைக் கையில தள்ளித்தான் மூடினேன். அங்க கல்லுமில்லை, முள்ளுமில்லை. திரும்பிப் பாத்தா எந்த எடம்னே தெரியலை."

ஊருக்கு வந்தபின் ராசிபுரம் போய்த் தறிக்காரத் தெருவில் விசாரித்து அவன் பெண்சாதியைக் கண்டுபிடித்திருக்கிறார். அவளுக்கும் சேதி வந்திருக்கவில்லை. சீமையில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டான் என்று தெருவில் பேசிக்கொண்டிருந்தார்கள். இவர் வாயால் கேட்டபிறகு அவள் வெள்ளை கட்டினாள். தெரு பாதிதான் நம்பியது. இவர் ஒருவருடைய சொல் மட்டுமே சாட்சி. அவனுக்கென்று கும்பிட ஓர் இடம் கிடையாது.

"சரி," என்றேன், "இத்தனை வருஷம் விட்டுட்டு இப்போ எதுக்குக் கூட்டியாறீங்க?"

அவர் இருமி முடிக்கும்வரை காத்திருந்தேன். வண்டியோரம் துப்பிய சிவப்பை அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன்.

"நான் செத்தா அந்தக் கல்லு எனக்கே ஆயிருமுங்க. அடுத்த மாட்டுப் பொங்கலுக்கு யாரையும் கேக்காம எண்ணெய் ஊத்திருவாங்க. ஊத்திட்டா அப்புறம் மாத்த முடியாது. உசுரோட இருக்கறப்போதான் எடத்த இன்னொருத்தனுக்கு விட்டுத்தர முடியும். கல்லுல பேரு இல்லை பாருங்க. எடம்தான் இருக்குது."

நாமக்கல்லில் பஸ் வர நேரமானது. மலைக்கோட்டையின் நிழல் குளத்துப் பக்கம் நீண்ட பிறகு வந்தது. இறங்கிய அம்மாளுக்கு நாற்பதுக்கு மேல் இருக்கும். குள்ளம். விரல் நுனிகளில் நீலச் சாயம். மடியில் ஒரு துணி மூட்டை. என்னைப் பார்த்துவிட்டு அவரிடம் கேட்டாள்: "இது யாரு அண்ணா, உங்க ஊர்ப் பெரிய மனுசரா?"

"பத்திரிகைக்காரரு அம்மிணி."

"ஓ. அப்ப நாளைக்கு நம்மளைத் தொரத்தினாங்கன்னா ஊர் பூரா தெரியும்."

திரும்பி வரும்போது மூட்டையில் என்ன என்று நான் கேட்டதற்கு அவிழ்த்துக் காட்டினாள். சிவப்புக் கரை போட்ட சின்ன வேட்டி, ஒரு குழந்தைக்கு ஆகும் அளவு. "கல்லு எந்த உசரம்னு அண்ணன் கயிறு அளந்து அனுப்பினாரு. நானே நெய்ஞ்சேன்," என்றாள். ஏரிக்கரையில் கல்லைக் கடந்தபோது அவள் நிறுத்தச் சொல்லவில்லை. தலையைத் திருப்பி, அது கண்ணுக்கு மறைகிற வரை பார்த்துக்கொண்டே வந்தாள். அன்றைக்கு அவளை அக்கா வீட்டில் தங்கவைத்தோம். அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே பாய் போட்டாள். வேட்டியின் கரையைப் பார்த்தபின் கொஞ்சம் பேசினாள்.

மாட்டுப் பொங்கல் காலை. ஊர் மாடுகள் முழுதும் ஏரியில் குளித்து, கொம்புக்கு வர்ணம் பூசி, கழுத்தில் சலங்கை கட்டி, கரை மேல் வரிசையாக நின்றன. ஊருக்குள் ஒவ்வொரு பட்டியிலும் சாணி வரப்புக் கட்டிச் சின்னக் குளம் செய்து தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார்கள். மாடு வந்து அதை மிதித்துக் கடக்க வேண்டும். கல்லுக்கு எண்ணெய் போகாமல் ஒரு மாடும் கரையை விட்டு இறங்கக் கூடாது. அதுதான் வழக்கம்.

கல்லுக்கு முன்னால் ஊர்க்கவுண்டர் நின்றார். கல்லில் இருக்கும் மூன்றாவது ஆள் அவருடைய தம்பி. மூன்று வீட்டாரும் விளக்கெண்ணெய்ச் சொம்புகளோடு நின்றார்கள். கம்பும் சோளமும் நெல்லும் விரித்த சாக்கின் மேல் குவிந்திருந்தன. முதல் ஆளுக்கு ஊற்றினார்கள். இரண்டாவது ஆளுக்கும் ஊற்றினார்கள். கவுண்டர் தம்பிக்குத் தன் கையால் ஊற்றி, வழிந்ததைத் துணியால் உருவம் முழுதும் தேய்த்தார். பிறகு சாக்கின் பக்கம் திரும்பினார்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேல மரத்தடியிலிருந்து குரல் வந்தது. "கவுண்டரே, இன்னொரு ஆள் இருக்குதுங்க."

"அங்கயே நில்லு," என்றார் கவுண்டர். "உனக்குத்தான் ஆகாது."

"எனக்கு இல்லீங்க. நான் எடத்த விட்டுட்டேன். ராசிபுரத்தானுக்கு விட்டுட்டேன். அவன் பொண்டாட்டி எண்ணெய் கொண்டாந்திருக்குது."

கூட்டம் அந்த அம்மாளைப் பார்த்தது. அவள் அக்காவின் பக்கத்தில் சொம்போடு நின்றிருந்தாள். அக்கா ஓரடி நகர்ந்துகொண்டாள். பிறகு என்ன நினைத்தாளோ, பழைய இடத்துக்கே வந்து நின்றாள்.

"காடு தோட்டமா விட்டுத்தர்றதுக்கு?" என்றார் ஒரு வயசாளி. "அது நீதான்டா. பீச்சாங்கை இருக்குதே, பாரு."

"ஆமாங்க. கை என்னோடதாவே இருந்துட்டுப் போகட்டும். மீதிய அவனுக்குக் குடுங்க."

சிலர் சிரித்தார்கள். கவுண்டர் சிரிக்கவில்லை. "வெளையாட்டுப் பேச்சு வேண்டாம். இது ஊர்க் கல்லு. அவன் நம்ம ஊரா, நம்ம சனமா? என் தம்பி பக்கத்துல கொண்டாந்து தறிக்காரனை நிறுத்தச் சொல்றயா?"

கரை மேல் மாடுகள் முட்டிக்கொண்டன. யாரோ அதட்டினார்கள். ஒரு காளைக்கன்று கயிற்றை உருவிக்கொண்டு சரிவில் பாதி இறங்கிவிட, இரண்டு பேர் வாலைப் பிடித்து ஏற்றினார்கள்.

பட்டாளத்துக்காரர் அதே இடத்தில் நின்றபடி சொன்னார். குரலை உயர்த்தவில்லை. "நிறுத்தறதுக்குப் புதுசா ஒண்ணும் இல்லீங்க. அங்க பட்டாளத்துல உங்க தம்பி பக்கத்துல படுத்தவன் அவன்தான். கூடாரத்துல ஒரே கம்பளி, ரெண்டு பேருக்கு. நானும் நம்மூரு இன்னொருத்தனும் வேற கம்பளி. உங்க தம்பி காச்சல்ல போறவரைக்கும் அப்படித்தான்."

இந்தச் சங்கதியை அவர் அதுவரை ஊரில் சொன்னதில்லை என்பது கவுண்டரின் முகத்திலிருந்து தெரிந்தது. ஏன் சொல்லவில்லை என்றும் விளங்கியது. வேறு சனத்தானோடு ஒரே கம்பளியில் படுத்தது ஊரில் நல்ல பேச்சு இல்லை. கவுண்டர் கல்லைப் பார்த்தார். கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"என் தம்பி கொறட்டை விடுவானே," என்றார். "எங்க ஊட்ல ஒருத்தரும் அவன்கூடப் படுக்க மாட்டோம். அந்தாளு எப்படித் தூங்கினான்?"

பட்டாளத்துக்காரர் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மாள் முந்திக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்காரர் பொறந்ததே தறிக்குழி பக்கத்துலங்க. சத்தம் நின்னாத்தான் முழிச்சுக்குவாரு."

வயசாளி முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும். கவுண்டர் வாயைத் துண்டால் மூடிக்கொண்டார். அது சிரிப்பா வேறு ஏதாவதா என்று நான் நின்ற இடத்திலிருந்து சொல்ல முடியவில்லை. துண்டை எடுத்தபோது அவர் கண் கரை மேல் இருந்தது.

"மாடு வெயில்ல நிக்குது," என்றார். "ஊத்தறவங்க சீக்கிரம் ஊத்துங்க."

சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. அந்த அம்மாளுக்கு அது போதுமானதாக இருந்தது. முன்னால் போய் நாலாவது ஆளின் தலைப்பாகை மேல் சொம்பைச் சாய்த்தாள்.

எண்ணெய் வழியவில்லை. இத்தனை வருஷம் வெயிலில் பொரிந்த கல் ஊற்ற ஊற்றக் குடித்தது. தலைப்பாகையும் ஒரு தோளும் நனைவதற்குள் சொம்பு காலி. முகத்தில் திட்டுத் திட்டாகக் கறுப்பு. அவள் சொம்பைத் தலைகீழாகப் பிடித்துக் கடைசிச் சொட்டுக்காக நின்றாள். 

கவுண்டர் குனிந்து பார்த்தார். "இப்படியே விட்டா சொறி புடிச்ச மாதிரி இருக்கும். பக்கத்துல நம்ம ஆள் நிக்கறான், பாக்க நல்லா இருக்காது." தம்பிக்கு ஊற்றியதில் மிஞ்சியிருந்த சொம்பை நீட்டினார். மற்ற இரண்டு வீட்டாரும் கொடுத்தார்கள். ஒருத்தி கையால் வழித்துத் துப்பாக்கியின் மேல் தடவினாள். துப்பாக்கி பிடித்த இடது கைதான் கடைசியில் கறுத்தது. அம்மாள் வேட்டியை உதறி எண்ணெயில் ஒட்டிக்கொள்ளும்படி உருவத்தின் இடுப்பில் சாத்தினாள். அளவு சரியாக இருந்தது.

கவுண்டர் தானியக் குவியல் பக்கம் திரும்பி, "நாலாப் பிரிங்க," என்றார். பிறகு ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்தார். "இனி எதுக்கு அங்க நிக்கற? அது வேற ஆள் ஆயிப்போச்சு. இந்தப் பக்கம் வா."

பட்டாளத்துக்காரர் ரோட்டைக் கடந்தார். பாதத்தின் வெளிப்பக்கத்தை ஊன்றி, அவசரப்படாமல். கூட்டத்தில் கடைசி ஆளாக நின்று கல்லைப் பார்த்தார். பூசை நேரத்தில் அவ்வளவு பக்கத்தில் அதற்கு முன் நின்றதில்லை. மாடுகளை இறக்கினார்கள். சலங்கைச் சத்தத்திலும் புழுதியிலும் யாரும் யாரோடும் பேச முடியவில்லை.

சேலம் திரும்பி இதை எழுதிக் கொடுத்தேன். ஆசிரியர் படித்துவிட்டு, "ஆள் பேரெல்லாம் எங்கே?" என்றார். கல்லில் பெயர் இல்லை, இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்றேன். பேரில்லாத செய்தியைப் போட முடியாது என்றார். பத்திரிகைக்காரராக அவர் சொன்னது சரிதான். அந்த நவம்பரில் நூலால் கட்டிய எழுத்துகளை வழக்கம்போல மூலையிலிருந்து எடுத்தோம்.

ஆனால் அதற்கு முன், காணும் பொங்கலன்று காலையில் அதே வண்டியில் மூன்று பேரும் நாமக்கல் போனோம். நானும் அந்த அம்மாளும் பஸ் பிடிக்க வேண்டும். அவள் காலடியில் நாலில் ஒரு பங்குத் தானியம் சாக்கில் இருந்தது. பூப்பறிக்கப் போகும் பெண்கள் கூடைகளோடு வழிவிட்டு நின்றார்கள். கல்லைக் கடந்தபோது நாலு பேரும் ஒரே நிறமாக இருந்தார்கள். புதிதாகப் பார்க்கிறவன் எண்ணெயைப் பற்றிக் கேள்வி கேட்க அங்கே ஒன்றும் இல்லை.

எனக்கு மட்டும் ஒரு கேள்வி மிச்சமிருந்தது.

"இடத்தை விட்டுக் குடுத்துட்டீங்க. நாளைக்கு உங்களுக்குன்னு ஒரு கல் வேண்டாமா?"

தார்க்குச்சியை இடது கையிலிருந்து மடியில் வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். இவ்வளவு கேட்டும் விளங்கவில்லையா என்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

"எனக்கு எதுக்குங்க கல்லு? நான்தான் வந்து சேந்துட்டனே."

பின்னாலிருந்து அந்த அம்மாள் சொன்னாள்: "அண்ணா, வழியப் பாத்து ஓட்டுங்க. பஸ் போயிரும்."